இரண்டு ஊசி, ஒரே நூல்: தோல் அட்டை போட்ட நோட்டு தைப்பது எப்படி?

அச்சகத்தில் 'சென்டர் பின்' என்பார்கள். தாள்களை நடுவில் மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, மடிப்பிலேயே இரண்டு பின் அடிப்பது. கோயில் விழா மலரெல்லாம் அப்படித்தான் வரும். இதற்கு சேடில் ஸ்டிச் என்றும் பெயர். தோல் வேலையிலும் அதே பெயரில் ஒரு தையல் உண்டு, ஆனால் அது வேறு. குதிரைச் சேணம் தைத்தவர்களின் தையல் அது: ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகும். அந்தத் தையலைப் போட்டு இந்த நோட்டைக் கட்டப்போகிறோம். பின் என்றால் துருப்பிடிக்கும், நூலுக்கு அந்தக் கவலை இல்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சித்தி. ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர், அதாவது மேல்பாகம், தைக்கும் பெண்கள் நிறைய. அவரும் அதில் ஒருவர்.

தேவையானவை: ஏ4 தாள் 8, தோல் ஒரு துண்டு (22 x 31 செ.மீ.), குத்தூசி, ஊசி 2, கெட்டி நூல், மெழுகு. ஷூவுக்கு வரும் குரோம் தோல் (குரோமிய உப்பில் பதனிட்டது) மெத்தென்று இருக்கும், மடித்தால் திரும்ப எழுந்துகொள்ளும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கிடைத்தால் விடாதீர்கள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்து மடித்து, காயும்வரை பாரம் வைத்தால் மடிப்பு அப்படியே நிற்கும்.

தாள்களை ஒவ்வொன்றாக மடித்து, ஸ்பூன் முதுகால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். 8 தாளுக்கு 32 பக்கம். 20 தாளுக்கு மேல் போனால் நோட்டு வாயைப் பிளந்துகொண்டே இருக்கும்.

இப்போது துளை. மடிப்பின் நீளம் 21 செ.மீ. இரு ஓரத்திலும் 1.5 செ.மீ. விட்டு, 2 செ.மீ.க்கு ஒன்றாக 10 புள்ளி வையுங்கள். தோலில் நெருக்கமாகத் தைத்தால் அழகு. தாளில் அப்படிக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி மடிப்பிலேயே கிழிந்துவிடும். என் முதல் நோட்டு அப்படித்தான் போனது. கெட்டி அட்டையை V மாதிரி மடித்து, அதற்குள் தாள்களை விரித்து, உள்ளிருந்து வெளியே நேராகக் குத்துங்கள். தோலில் அதே அளவைக் குறித்து, அடியில் பழைய ரப்பர் செருப்பை வைத்துத் தனியாகக் குத்துங்கள்.

நூல் 90 செ.மீ. போதும். தையல் நீளத்துக்கு நாலு மடங்கு, கோக்க மிச்சம். இரண்டு மூன்று முறை மெழுகில் இழுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். ஊசி முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். கூராக இருந்தால் முதல் நூலையே குத்திக்கொண்டு போய்விடும்.

தாளையும் தோலையும் கிளிப் போட்டுச் சேர்த்து, தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளுங்கள். முதல் துளையில் ஒரு ஊசியை விட்டு, நூலை உள்ளே பாதி வெளியே பாதி என்று சமமாக்குங்கள். இரண்டாம் துளையில் உள் ஊசி வெளியே வரட்டும். பிறகு வெளி ஊசியை அதே துளையில் உள்ளே விட்டு, பாதியில் நிறுத்தி, முதல் நூலை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் சரி. மாட்டினால் ஊசியை வந்த வழியே எடுத்துவிட்டு மறுபடி விடுங்கள். எந்த ஊசி முதலில் என்பதைக் கடைசிவரை மாற்றக் கூடாது, மாற்றினால் தையல் கோணலாகத் தெரியும்.

"ரெண்டு கையும் ஒண்ணா இழுக்கணும்டா, ஒரு கை சோம்பேறியா இருந்தா தையலே காட்டிக்குடுத்துடும்" என்பார் சித்தி. தாளுக்கு இன்னொன்றையும் சேர்க்கிறேன்: நூலை உங்களை நோக்கி இழுக்காமல், மடிப்பு ஓடும் திசையிலேயே இழுங்கள். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் துளை பிய்ந்துவிடும்.

பத்தாவது துளை முடிந்ததும் இரண்டு துளை திரும்பித் தையுங்கள். அடுத்த துளையில் வெளி ஊசி மட்டும் உள்ளே வரட்டும். இரண்டு முனையும் உள்பக்கம் சேர்ந்ததும் முடிச்சுப் போட்டு வெட்டலாம். மெஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்கும், ஒன்று அறுந்தால் மற்றதும் தளரும். இதில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் அதே துளை வழியாகப் போகும் இன்னொரு நூல் பிடித்துக்கொள்ளும்.

நடுத்தாள்கள் ஓரத்தில் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அச்சகத்தில் கட்டிங் மெஷினில் ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். நாம் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் நாலைந்து இழுப்பில் வெட்டலாம். பிறகு ராத்திரி முழுக்க அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.