மன்னிப்புக் கேட்டாயிற்று, கணக்கு தீர்ந்ததா? அன்றாட விசுவாச வாழ்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக விசுவாசத்திற்குள் வந்தவர்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்து, அவர்களுடைய வீட்டுப் பிரச்சினைகளையும் வேலைப் பிரச்சினைகளையும் கேட்டு, சேர்ந்து ஜெபிக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. முகங்கள் மாறினாலும் இடறும் இடங்கள் மாறுவதில்லை; எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இன்று வருகிறவர்களும் இடறுகிறார்கள். முன்கூட்டியே யாராவது எடுத்துச் சொல்லியிருந்தால் சில உறவுகளாவது முறியாமல் இருந்திருக்கும் என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன். பொய் பேசக்கூடாது, தினமும் வேதம் வாசிக்க வேண்டும், சபை கூடிவருதலை விட்டுவிடக்கூடாது என்பவற்றை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கலாம் என்பதால் அவற்றைத் தொடவில்லை. உண்மையான வாஞ்சையுள்ளவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டே செய்துவிடும் தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இங்கே பேசுகிறேன்.

பிறருடைய இரகசியத்தை ஜெபக் குறிப்பாக்குவது

ஒருவர் உங்களை நம்பிச் சொன்னதை அவருடைய அனுமதியில்லாமல் ஜெபக் குழுவில் சொல்லாதீர்கள். "ஜெபிப்பதற்காகத்தான் சொல்கிறேன்" என்று தொடங்கினாலும் புறங்கூறுதல் புறங்கூறுதலே.

எல்லா முடிவுக்கும் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சொல்வது

வேலையை விடுவது, வீடு மாறுவது, ஒரு திருமணப் பேச்சை நிறுத்துவது என எதுவாக இருந்தாலும், "கர்த்தர் சொல்லிவிட்டார்" என்று தொடங்கும்போது எதிரில் இருப்பவரின் வாய் அடைக்கப்பட்டுவிடுகிறது. பெற்றோரோ மனைவியோ மூப்பரோ அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டால், அவர்கள் தேவனையே எதிர்ப்பவர்கள்போல் ஆகிவிடுவார்கள். அப்போஸ்தலர் பவுலுக்கு இந்த விஷயத்தில் இருந்த கூச்சத்தைக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ம் அதிகாரத்தில் பார்க்கலாம். இது கர்த்தருடைய கட்டளை, இது நான் சொல்வது, இதைக் குறித்துக் கட்டளை இல்லாததால் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன் என்று அவர் தனித்தனியாகப் பிரித்து எழுதுகிறார். எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடியபோதும், மிகுந்த தர்க்கம் நடந்த பிறகுதான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதி அனுப்பினார்கள். "ஜெபித்தேன், எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பதால் உங்கள் விசுவாசம் ஒன்றும் குறைந்துபோகாது.

தேவனிடம் மன்னிப்புப் பெற்றுக்கொண்டு, மனிதனுக்குப் பட்ட கடனை மறந்துவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். இது கண்ணீரோடும் உண்மையான மனஸ்தாபத்தோடும் நடக்கிறது. சபையும் சேர்ந்து தேவனைத் துதிக்கிறது. யாருக்கு அநியாயம் நடந்ததோ அந்த ஒருவர் மட்டும் அந்த மகிழ்ச்சியில் பங்கில்லாமல் வெளியே நிற்கிறார். கிறிஸ்துவின் நாமத்தைக் கேட்டாலே முகம் சுளிக்கும் சிலரிடம் பொறுமையாகப் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு உபதேசத்தில் பிரச்சினை இருக்கவில்லை. தங்களை ஏமாற்றிய ஒருவர் இப்போது நிம்மதியாகப் பாடிக்கொண்டிருப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஒரு சாட்சி வேளையில் ஓர் இளைஞர் எழுந்து நின்று, ஒரு நண்பரோடு கூட்டாகத் தொழில் செய்த நாட்களில் கொள்முதல் ரசீதுகளில் தொகையைக் கூட்டி எழுதிப் பணம் எடுத்ததையும், அந்தத் தொழில் நொடித்துப்போனதையும் அழுதுகொண்டே அறிக்கையிட்டார். "பழையவைகளெல்லாம் ஒழிந்துபோயின" என்று அவர் முடித்தபோது சபை முழுவதும் "ஆமென்" என்றது. அந்த நண்பருடைய மனைவி, யாரோ அழைத்ததால் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "பணம் எப்படிப் போனது என்று எங்களுக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. அவருடைய ஆண்டவர் மன்னித்துவிட்டார், சந்தோஷம். அந்தக் கடனுக்கு இன்னமும் வட்டி கட்டுவது நாங்கள்தானே?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த இளைஞரிடம் பேசுவதற்குத்தான் விஷயம் நிறைய இருந்தது.

மறுநாள் அவரைச் சந்தித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னதும் அவர் திகைத்துப்போனார். "அப்படிச் செய்தால் அது கிரியைகளால் வரும் இரட்சிப்பு ஆகிவிடாதா, அண்ணா?" என்று கேட்டார். கேள்வி உண்மையானதுதான், கிருபையைக் குறித்து நாங்கள் கற்றுக்கொடுத்ததையே அவர் திருப்பிச் சொன்னார். "இரட்சிப்பை நீங்கள் வாங்க முடியாது தம்பி, ஆனால் இது உங்கள் பணம் இல்லையே, அவருடைய பணம்தானே" என்றேன். பிறகு இருவருமாக வேதத்தைத் திறந்தோம்.

லேவியராகமம் 6-ம் அதிகாரம், நம்பி ஒப்படைத்த பொருளை மறுத்தவனையும், பறித்தவனையும், காணாமற்போனதைக் கண்டெடுத்து இல்லையென்று சாதித்தவனையும் குறித்துப் பேசுகிறது. அவன் முதலைத் திரும்பக் கொடுப்பதோடு, அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் செலுத்த வேண்டும். குற்றநிவாரணபலிக்கான ஆட்டுக்கடா அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. மலைப்பிரசங்கத்திலும் இதே வரிசைதான் இருக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். கேட்டவர்களில் பெரும்பாலோர் கலிலேயாவைச் சேர்ந்தவர்கள். பலிபீடமோ எருசலேமில், ஏறக்குறைய மூன்று நாள் நடைதூரத்தில் இருந்தது. காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடியும் எருசலேமுக்கு ஏறிவருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவர்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதாக இயேசுவிடம் சொன்ன ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) சகேயுவின் சம்பவத்தை ஞாயிறு பள்ளிக் கதையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். தானாக முன்வந்து அறிக்கையிடுகிறவன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்று நியாயப்பிரமாணம் சொல்லியிருக்க, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் 22-ல் விதிக்கப்பட்ட நாலத்தனை (நான்கு மடங்கு) என்ற கடுமையான அளவை அவன் தனக்கென்று எடுத்துக்கொண்டான். ஆனால் அதற்கு முன்னமே இயேசு அவனுடைய வீட்டில் தங்க வருவதாகச் சொல்லிவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். கிருபை முதலில் வந்தது. வந்த கிருபை அவனுடைய பணப்பையைத் திறந்தது.

"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்" என்று தாவீது ராஜா பாடிய 51-ம் சங்கீத வசனத்தைக் காட்டி, மனிதரிடம் போகத் தேவையில்லை என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதே தாவீது, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவானைப் பற்றித் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதைக் கேட்டவுடன், "நாலத்தனை திரும்பச் செலுத்தவேண்டும்" என்றுதான் தீர்ப்புச் சொன்னான். பாவத்தின் ஆழம் தேவன்வரை போகிறது என்று அந்தச் சங்கீதம் சொல்கிறது. அண்டை வீட்டானுக்கு நடந்த நஷ்டம் நஷ்டமே இல்லை என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. 1904-ல் வேல்ஸ் நாட்டிலும் 1907-ல் கொரியாவின் பியோங்யாங்கிலும் உண்டான எழுப்புதல்களைப் பற்றிய பதிவுகளில், ஆனந்தப் பாடல்களோடுகூட, பழைய கடன்கள் அடைக்கப்பட்டதும் திருடிய பொருட்கள் உரியவர்களிடம் திரும்பி வந்ததும் பேசப்படுகின்றன. எழுப்புதல் வேண்டும் என்று ஜெபிக்கிற நாம் அந்தப் பகுதியையும் வாசிக்க வேண்டும்.

இதை எப்படிச் செய்வது என்பதிலும் தவறுகள் நடக்கின்றன. முதலில் ஒரு தாளில் யாருக்கு, என்ன செய்தேன், அதனால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எழுதுங்கள். எழுதிப் பார்க்கும்போதுதான் மங்கலாக இருந்த குற்றவுணர்வு தெளிவான பொறுப்பாக மாறும். அவரைச் சந்திக்கும்போது, "ஒருவேளை உங்கள் மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள்" என்று பேசாதீர்கள். அதில் "ஒருவேளை" என்ற சொல்லும் "இருந்தால்" என்ற சொல்லும் பழியை அவர் பக்கம் தள்ளிவிடுகின்றன. "ரசீதில் தொகையைக் கூட்டி எழுதியது நான். அதனால் நீங்கள் கடன்பட்டீர்கள். இது முதல் தவணை, மீதியை இந்தத் தேதிகளில் தருவேன்" என்பதுபோல் நேராகச் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "மன்னிக்க வேண்டும் என்று வேதம் சொல்கிறதே" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அந்த வசனத்தை அநியாயம் செய்தவர் எடுத்துக்காட்டுவது இரண்டாவது அநியாயம். நஷ்டம் பணத்தில் இல்லாமல் பெயரில் ஏற்பட்டிருந்தால், யார் யாரிடம் அவரைப் பற்றித் தவறாகப் பேசினீர்களோ அவர்களையெல்லாம் தேடிப்போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். பணத்தைத் திருப்புவதைவிட இது கடினம் என்பதை அறிவேன். அவர் இறந்துபோயிருந்தால் அவருடைய குடும்பத்தாரிடம் கொடுங்கள். வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேர வேண்டும் என்று எண்ணாகமம் 5-ம் அதிகாரம் சொல்கிறது. பெறுகிறவர் இல்லை என்பதற்காகக் கடன் தள்ளுபடி ஆகவில்லை.

எச்சரிக்கையும் தேவை. வன்முறைக்கு ஆளான ஒருவர் உங்களைப் பார்க்கவே விரும்பாதபோது, உங்கள் மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக அவருடைய வாசலில் போய் நிற்காதீர்கள். அவருக்கு நம்பிக்கையான வேறொருவர் வழியாக மட்டுமே அணுகுங்கள், அவர் வேண்டாம் என்றால் விலகி நில்லுங்கள். நடந்தது சட்டப்படி குற்றம் என்றால், சபைக்குள் ஜெபித்துப் பேசி முடித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரமில்லை. சட்டத்தின் முன் போக வேண்டியவர் போகத்தான் வேண்டும்.

அந்த இளைஞர் நண்பரின் வீட்டுக்குப் போனார். முதல்முறை கதவு அவருக்குத் திறக்கப்படவில்லை. இரண்டாவது முறை வாசலில் நின்றபடியே பேச்சு நடந்தது. அதன்பின் தவணை தவறாமல் கொடுத்து, கடைசியில் முழுத் தொகையையும் அடைத்தார். மன்னித்துவிட்டதாக அந்த நண்பர் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சபைக்கும் வரவில்லை. அதற்காகக் கொடுத்தது வீண் என்று நான் நினைக்கவில்லை, அந்தத் தம்பியும் நினைக்கவில்லை.

"ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறப்பது

சொன்ன இடத்திலேயே, அப்போதே ஜெபித்துவிடுங்கள். உங்கள் கையால் செய்ய முடிந்த உதவி என்றால் செய்துவிட்டு ஜெபியுங்கள்.

வேலை நேரத்தை ஊழிய நேரமாக்கிக்கொள்வது

சம்பளம் வாங்கும் நேரத்தில் மேசையில் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சக ஊழியரிடம் சுவிசேஷம் பேசிக்கொண்டு, முடிக்காத வேலையை அதே சக ஊழியரின் தலையில் விட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்று கொலோசெயருக்கு எழுதப்பட்டது, எஜமானைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லாத அடிமைகளைப் பார்த்து எழுதப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் பண்ணும் தொழிலைச் செய்தார். தெசலோனிக்கேயில் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் உழைத்ததாக அவரே எழுதுகிறார். யோர்தான் நதியோரத்தில் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டபோதும், யோவான் ஸ்நானகன் அவர்களைத் தொழிலை விட்டுவரச் சொல்லவில்லை. குறித்த தொகைக்கு அதிகமாய் வாங்காதிருங்கள், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமல் உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள் என்று அவரவர் வேலைக்குள்ளேயே அவர் பதில் கொடுத்தார். நேரத்துக்கு முடிந்த வேலையையும் கூட்டிக்காட்டாத பயணச் செலவுக் கணக்கையும் பார்த்த சக ஊழியர், உங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒருநாள் தாமாகவே கேட்பார். அப்போது உணவு இடைவேளையில் தாராளமாகப் பேசுங்கள்.

துக்கத்தில் இருப்பவரிடம் வசனத்தை அவசரமாக நீட்டுவது

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்ற வசனம் சத்தியமானது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதை அன்று மாலையே சொல்வது இரக்கமற்றது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கர்த்தருடைய கோபம் அவர்கள்மேல் மூண்டது, அதன்பிறகு பேசிய பேச்சுக்களினால்தான். இறந்துபோன லாசருவைச் சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப் போகிறார் என்று அறிந்திருந்த இயேசுவே, அவனுடைய சகோதரி மரியாளின் அழுகையைக் கண்டு கண்ணீர் விட்டார். போய் உட்காருங்கள், வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யுங்கள், அவர் பேசும்போது கேளுங்கள்.

முதல் வைராக்கியத்தில் பெரிய பொருத்தனைகள் பண்ணுவது

செய்ய முடியாததை நேர்ந்துகொள்வதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி சொல்கிறார். விடியற்காலம் நான்கு மணி நேரம் ஜெபிப்பேன் என்று பொருத்தனை பண்ணுவதற்கு முன், அந்த நேரத்தில் வீட்டு வேலைகளை யார் செய்வார்கள் என்று உங்களோடு வசிப்பவரிடம் கேளுங்கள்.