இரண்டு நாட்டில் வீடா? உயிலும் இரண்டு

லண்டனில் ஒரு வீடு, மதுரையில் ஒரு வீடு என்றால் நாட்டுக்கு ஒரு உயிலாகத் தனித்தனியே எழுதிவிடுங்கள். ஒரே உயில் என்றால் லண்டனில் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் உறுதிசெய்வது) முடிந்து அதன் சான்றிட்ட நகல் கைக்கு வரும்வரை மதுரை வீட்டுப் பட்டா மாற்றமும் காத்துக் கிடக்கும். இரண்டு இருந்தால் இரு பக்க வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். இந்திய உயிலுக்கு முத்திரைத்தாள்கூட வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும்.

ஒரு வரியில்தான் பலர் சறுக்குவது: "இதற்கு முன் எழுதிய உயில்கள் அனைத்தும் ரத்து." இரண்டாவது உயிலில் இது அப்படியே இருந்தால் முதலாவது காலி. "இந்தியச் சொத்துகளைப் பொறுத்தவரை மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு உயில் எழுதுவதால் வரி குறையாது. இந்தியாவில் 1985-லேயே வாரிசு வரி போய்விட்டது. பிரிட்டனில் 3,25,000 பவுண்டுக்கு மேல் பொதுவாக 40%. 2025 ஏப்ரல் முதல், கடந்த 20 ஆண்டில் 10 ஆண்டு அங்கே குடியிருந்தவருக்கு மதுரை வீடும் பெரும்பாலும் கணக்கில் வரும். அப்புறம், பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும்.