ராடு பேரிங்கை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய், குளிரூட்டும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட் வேலையோடு முடித்திருக்கலாம். ஆனால் டிப்ஸ்டிக்கில் ஒட்டிய ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தது. அந்த ஆயிலில் ஓடிய ராடு பேரிங்கை, அதாவது பிஸ்டனின் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்திலுள்ள பேரிங்கை, பார்க்காமல் மூட மனசு வரவில்லை.

எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராடு கேப்களுக்கு (ராடின் கழற்றக்கூடிய அடிப்பாதி) எண் குறித்துவிட்டுக் கழற்றினேன். கேப் இடம் மாறினால் துளையின் வட்டம் கெடும். பேரிங் இரண்டு அரைவட்ட ஷெல்களால் ஆனது; முதலில் பார்க்க வேண்டியது மேல் ஷெல்லை. எரிப்பின் அடி அதில்தான் விழுகிறது. சாம்பல் பூச்சு தேய்ந்து நடுவில் செம்பு நிறம் தெரிந்தது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லா ராடு ஷெல்லும் புதிது என்று முடிவு செய்தேன்.

கிராங்க் ஜர்னலில் (தண்டில் பேரிங் பிடிக்கும் வழவழப்பான பகுதி) நகத்தை ஓட்டினேன், எங்கும் இடறவில்லை. மைக்ரோமீட்டரும் தேய்மானம் காட்டவில்லை. எனவே கிரைண்டிங் வேண்டாம், ஷெல்லும் ஸ்டாண்டர்டு அளவே போதும். நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து, கேப்பை முறுக்கிக் கழற்றினால் இடைவெளி 0.04 மி.மீ.; கையேட்டு வரம்புக்குள்தான். (அப்போது கிராங்கைச் சுற்றக் கூடாது, இழை நாசமாகிவிடும்.)

ஷெல்லின் முதுகு சுத்தமாக, உலர்ந்திருக்க வேண்டும். உள்பக்கம் தாராளமாக ஆயில். ராடு போல்ட்டுகள் ஒருமுறை முறுக்கினால் நீண்டுவிடும் வகை, ஆகவே அவையும் புதிது. மூடியபின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றினேன். அதன் பிறகுதான் எஞ்சினை ஓடவிட்டேன்.