காரில் சப்வூஃபர் பூட்டும்போது எர்த்தைக் கவனியுங்கள்

முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். சப்வூஃபரை (பேஸ் சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கரை) ஓட்டும் 500 வாற்ஸ் அம்பிளிபயருக்கு 21 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரும் 60 அம்பியர் பியூஸும் வேணும். பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். தள்ளிப் போட்டால், இடையில் வயர் உரசி காரின் பொடித் தகட்டில் முட்டினால் நெருப்புத்தான்.

எர்த்தில்தான், அதாவது அம்பிளிபயரின் நெகற்றிவ் வயரைக் காரின் தகட்டில் பூட்டும் இடத்தில்தான், பெரும்பாலான கரைச்சல். டிக்கித் தகட்டின் பெயின்ரை மினுங்கும்வரை உரஞ்சி, அதே தடிப்பு வயரைப் போல்ற் போட்டு இறுக்குங்கள். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றுக்கு வெறுந்தகடு கெதியாகக் கறள் பிடிக்கும். இறுக்கியபின் மேலே கிறீஸ் பூசுங்கள். கறள் ஏறினால் இரைச்சல் வரும், அம்பிளிபயர் இடையிடையே நின்றுவிடும்.

பிளேயரிலிருந்து வரும் சிக்னல் வயரைப் பவர் வயருக்கு எதிர்ப்பக்கத்தால் இழுங்கள். லோ பாஸை (தாழ்ந்த சத்தத்தை மட்டும் சப்வூஃபருக்கு விடும் வடிகட்டியை) 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். கெயினை (அம்பிளிபயருக்கு வரும் சிக்னலின் அளவைச் சரிசெய்யும் திருகை) மெல்ல மெல்லக் கூட்டி, சத்தம் கிழியத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து விடுங்கள்.