காருக்குள் அலங்கார விளக்கு: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காருக்குள் கால் வைக்கும் இடத்திலும் டேஷ்போர்டு ஓரத்திலும் எல்.இ.டி பட்டை ஒட்டுவது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் இப்போது சாதாரணமாகிவிட்டது. சொந்தக் காரில் ஒரு மீட்டரோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கும் சபரிமலைக்கும் ஓடும் வேன்களில் கூரை முழுக்கப் போடுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, போட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விளக்கு பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் மெல்லிய வயரைத்தான் கவனிக்க வேண்டும்.

"வெறும் 12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்?" என்று கேட்பார்கள். ஷாக் அடிக்காது, அது உண்மை. ஆனால் கார் பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்ற வைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளிவிடும். தலைமுடி கனத்தில் சில இழைகள் மட்டும் உள்ள வயர் அதைத் தாங்காது. சில நொடிகளில் பழுத்து, மேலுறை உருகி, பக்கத்தில் இருக்கும் கார்பெட்டும் சீட் நுரையும் பற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க இருப்பது ஃபியூஸ் ஒன்றுதான்.

பலர் ஃபியூஸே போடுவதில்லை. போடுகிறவர்களிலும் பாதிப் பேர் அதை விளக்குக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. கரண்ட் எடுக்கும் இடத்திலிருந்து ஃபியூஸ் வரை உள்ள வயர் நசுங்கி, பேட்டரி நெகடிவ் இணைந்திருக்கும் கார் பாடியில் பட்டால், அதற்கு அப்பால் உள்ள ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே கரண்ட் எடுக்கும் இடத்திலேயே, முடிந்தவரை ஒட்டினாற்போல் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? கணக்கு எளிது. கடையில் கிடைக்கும் பெரிய எல்.இ.டி பட்டை, அதாவது 5050 வகையில் மீட்டருக்கு 60 விளக்கு உள்ளது, மீட்டருக்கு ஏறக்குறைய 14.4 வாட் இழுக்கும். நான்கு கால் பக்கத்துக்கும் அரை அரை மீட்டர் என்றால் 2 மீட்டர், 28.8 வாட். அதை 12-ஆல் வகுத்தால் 2.4 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வோல்ட் 14-ஐ ஒட்டி இருக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் ஏறும். இதற்கு 5 ஆம்பியர் ஃபியூஸும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயரும் போதும். சின்ன விளக்கு உள்ள 3528 வகை மீட்டருக்கு 4.8 வாட்தான் எடுக்கும். அதே 2 மீட்டருக்கு 2 ஆம்பியர் ஃபியூஸே தாராளம். கார் உட்புறத்துக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருத்தம் என்பது என் கருத்து. வெளிச்சமும் அளவோடு இருக்கும், வயரும் சூடேறாது.

ஃபியூஸ் ஒருமுறை போய்விட்டால் அடுத்த தவறு வரும். இளம்பழுப்பு 5 ஆம்பியரைக் கழற்றிவிட்டு, கையில் கிடைத்த மஞ்சள் 20 ஆம்பியரைச் செருகுவார்கள். அதுவும் இல்லையென்றால் செம்பு இழையைச் சுற்றுவார்கள். ஃபியூஸ் போனது என்றால் பெரும்பாலும் எங்கோ வயர் அடிபட்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்தமுறை ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். வயர் வாங்கும்போதும் முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். காரின் அதிர்வில் சீக்கிரம் ஒடியும், வேண்டாம்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஃபியூஸ் பெட்டியில் ஏர்பேக், ஏ.பி.எஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), இன்ஜின் கன்ட்ரோல் பக்கம் கை வைக்கவே கூடாது. சாவியைத் திருகினால் உயிர் வந்து, எடுத்தால் நின்றுவிடும் இடமாக, 12 வோல்ட் சாக்கெட்டோ மியூசிக் சிஸ்டமோ போல ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஃபியூஸையும் புது ஃபியூஸையும் சேர்த்தே செருகும் சின்ன அடாப்டர் கிடைக்கிறது, ஆட்-எ-ஃபியூஸ் என்று விற்கிறார்கள். கம்பெனி வயரை வெட்டத் தேவையில்லை. வெட்டி ஜாயின்ட் போட்டால் வாரண்டியை மறுக்க நாமே காரணம் கொடுத்தது போல் ஆகும். வயரிங் பழக்கமே இல்லாதவர்களுக்கு 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் வகைதான் நல்லது. ஆனால் சில கார்களில் அந்த சாக்கெட் சாவி எடுத்த பிறகும் வேலை செய்யும், முதலில் சோதித்துப் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிடிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பொறி பறக்கும். கழற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்திருந்து ஆரம்பியுங்கள், ஏர்பேக் அமைப்பில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிய நேரம் வேண்டும். மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஏர்பேக் வயர்தான். சீட்டுக்கு அடியிலும் இருக்கும். பக்கவாட்டில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் கண்ணாடியை ஒட்டிய தூணில் ஏர்பேக் விரியும் பாதைக்குக் குறுக்கே வயரோ பட்டையோ போகக் கூடாது.

இனி ஜாயின்ட். நம் ஊர்ப் பக்கம் அதிகம் கெடுவது இங்கேதான். இரண்டு முனையையும் முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினால் அன்றைக்கு விளக்கு எரியும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேப்பின் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரச் செருப்போடு ஏறி இறங்க, மிதியடிக்கு அடியில் கார்பெட் நாள்கணக்கில் காயாது. அந்த ஈரத்தில் செம்பில் களிம்பு ஏறும், ஜாயின்ட் சூடாகும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். அல்லது வயரோடு சேர்த்து அழுத்தி இறுக்கும் சரியான கிரிம்ப் கனெக்டர் போடுங்கள். ஜாயின்ட்டைத் தரையில் விடாமல் டேஷ்போர்டுக்குள் மேலே கட்டுங்கள். வயரை அறுத்துப் பிடிக்கும் கிளிப் கனெக்டர்கள் வேகமாக வேலை முடிய உதவும். ஆனால் அவை வயரின் சில இழைகளை அறுத்துவிடுவதால் எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

அப்புறம் எலி. குறுவை, சம்பா அறுப்பு முடிந்து வயலில் தீனி குறைந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வயலுக்குக் கிட்டி (எலிப்பொறி) வைக்கிறவர்கள் காருக்கு எதுவும் செய்வதில்லை. இன்ஜின் சூட்டுக்கு உள்ளே ஏறும் எலி, காருக்குள் சிந்திய தின்பண்டம் இருந்தால் கேபினுக்கும் வரும், வயரைக் கடிக்கும். வளையங்கள் போட்ட பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விட்டால் கொஞ்சம் தடுக்கலாம், முழுதாக நிறுத்த முடியாது. எலி கடித்து இரண்டு வயரும் தொட்டுக்கொள்ளும் அன்றைக்கு, சரியான இடத்தில் உள்ள சரியான ஃபியூஸ்தான் காரைக் காக்கும்.

வயர் போகும் பாதையில் பெடலை மறக்காதீர்கள். கால் பக்க விளக்கு வெறும் ஒட்டுப் பசையில் நின்றால் வெயிலில் கழன்று தொங்கும், பிரேக் பெடலில் சிக்கலாம். ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் வயர் போனால் நசுங்கும். எர்த் கொடுக்க ஏற்கெனவே பாடியில் உள்ள போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, வளையக் கனெக்டரால் இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட் அதற்கானது அல்ல.

வேன்காரர்களுக்குத் தனியாக ஒன்று: வீட்டு சீரியல் செட்டை இன்வெர்ட்டரில் மாட்டி வண்டிக்குள் கட்டாதீர்கள். அதில் வருவது 230 வோல்ட். அந்த மெல்லிய சீரியல் வயர் ஓடும் வண்டியின் குலுக்கலுக்காகச் செய்யப்பட்டதல்ல; உள்ளே இருப்பவர்களோ மழையில் நனைந்து ஏறியவர்கள்.

விளக்கை அணைக்காமல் இறங்கினால் பேட்டரி இறங்கும். 2.4 ஆம்பியர் ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் 24 ஆம்பியர்-மணி போய்விடும். சின்னக் கார்களின் பேட்டரி பல 35 ஆம்பியர்-மணி அளவுதான், காலையில் வண்டி கிளம்பாது.

வெளிச்சத்தின் அளவையும் பாருங்கள். கண்ணாடியில் பிரதிபலித்தால் வெளியே இருப்பது ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. பின்விளக்கு இல்லாத டிராக்டர், பாதி ரோட்டை அடைத்துக் காயும் நெல், நடுவில் படுத்திருக்கும் மாடு எல்லாம் நம் ரோட்டில் ராத்திரி எதிர்ப்படும். ஓட்டுநர் கண்ணில் நேராகப் படாத, மங்கலான மஞ்சள் நிறம் போதும். சிவப்பு, நீலத்தில் விட்டுவிட்டு எரிவது வெளியிலிருந்து பார்த்தால் போலீஸ் வண்டி போலத் தெரியும், நிறுத்திக் கேட்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடும்போது ரப்பர் தீயும் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து, எல்லோரையும் முதலில் இறக்குங்கள். புகை இல்லையென்றால் மட்டும் விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கி, பேட்டரி நெகடிவைக் கழற்றுங்கள். புகை வந்தால் காரிலிருந்து விலகி நின்று 101-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள்.