வளைவில் வண்டி சொன்னபடி கேட்க: செய்யக்கூடாத சில வேலைகள்

போன மாதம் அக்கா மகன் பழைய போலோ கார் ஒன்றை வாங்கிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு பட்டியல்: 17 இன்ச் அலாய் வீல், அகலமான டயர், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது, எஞ்சினுக்கு ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது), டிக்கியில் பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டி. “மாமா, இவ்வளவும் போட்டா ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடும்லா?” என்றான். ஓடாது என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அந்தப் பட்டியலில் பாதியை என் முதல் வண்டியில் நானே செய்து பார்த்திருக்கிறேன். செலவான காசை மறந்துவிட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை என் கையாலேயே கெடுத்தது மட்டும் இன்னும் மனதில் கிடக்கிறது. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

குதிரைத்திறன் கூடினால் ஓட்டுகிற சுகமும் கூடும் என்று நம்புவது முதல் தவறு. 1989-ல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத்திறன். இன்று நம் தெருவில் நிற்கும் சில குடும்பக் கார்களுக்கே அதைவிடச் சக்தி அதிகம். ஆனாலும் உலகில் இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் அதிகம் விற்றது அதுதான். எடை ஆயிரம் கிலோவுக்குள். அந்த எடையும் முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. உந்தும் வேலை பின் சக்கரங்களுக்கு, திரும்பும் வேலை முன் சக்கரங்களுக்கு. 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் இன்னும் ஒரு படி மேலே போய் எடையை 750 கிலோவுக்கும் கீழே கொண்டுவந்தது. அதற்கும் 118 குதிரைத்திறன்தான்.

எடை குறைந்தால் பிரேக், டயர், ஸ்டியரிங் என்று எல்லாவற்றின் பாரமும் குறைகிறது. சக்தியைக் கூட்டினால் நேர்ச்சாலையில் மட்டும்தான் பலன். அதுவும் நம் வண்டிகளில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் இழுக்கப்படுபவை. ரீமேப் செய்து இழுவையைக் கூட்டினால், ஏற்கெனவே திரும்பிக்கொண்டிருக்கிற அதே இரண்டு டயர்கள் மேல்தான் அந்தச் சுமையும் விழும். வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் வெறுமனே சுழலும், வண்டி வெளிப்பக்கமாக ஒதுங்கும். ஊஃபர் பெட்டியைப் பற்றி அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “முப்பது கிலோவைப் பின் சக்கரத்துக்கும் பின்னால தூக்கி வச்சா வண்டி எப்படி மாப்ளே சுறுசுறுப்பாத் திரும்பும்?”

எடை எவ்வளவு என்பதோடு அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் கணக்கு. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கீழே சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து மெல்ல மெல்லத் திருப்புவார்கள். அந்தச் சின்ன அசைவே உச்சியில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது! காரிலும் அதே சங்கதிதான். வளைவில் போகும்போது உள்பக்கச் சக்கரங்களின் பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பதை வளையும் வேகம், எடை, எடையின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் ஆகியவைதான் முடிவு செய்கின்றன.

வண்டி சாயாவிட்டால் பாரமும் மாறாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடினமான ஸ்பிரிங் போட்டால் சாய்வு குறையும், மொத்தத்தில் மாறும் பாரம் கிட்டத்தட்ட அதேதான். அதில் முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்ற பங்குதான் மாறுகிறது. கொஞ்சம் சாய்கிற வண்டி மோசமான வண்டி இல்லை. எம்எக்ஸ்-5 நன்றாகவே சாயும். சாய்வு மெதுவாக, ஒரே சீராக வந்தால் டயரின் பிடி எங்கே முடிகிறது என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும்.

இதைத் தெரியாமல்தான் நான் ஸ்பிரிங்கை வெட்டினேன். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாகும், கடினமாகும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு அளவாகச் செய்தது, புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. சக்கரம் மேலே போய்வர இருந்த இடமும் பாதியாகிவிடும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கட்டையில் போய் முட்டும். முட்டிய கணத்தில் ஸ்பிரிங் என்று ஒன்று இல்லாத மாதிரிதான், டயர் தரையை விட்டு எம்பும். பாபநாசத்திலிருந்து காரையார் போகும் மலைப்பாதையில், ஒரு வளைவில், சாலை பெயர்ந்திருந்த இடத்தில் எனக்கு அது நடந்தது. வண்டியின் முன்பக்கம் அரை வண்டி அகலத்துக்கு வெளியே துள்ளியது. எதிரே யாரும் வரவில்லை. அடுத்த வாரமே பழைய ஸ்பிரிங்கைத் தேடி வாங்கிப் போட்டேன்.

இன்னொரு விஷயம் வெளியே தெரியாது. நம் வண்டிகளின் முன்பக்க அமைப்பில், உடலைக் கீழே இறக்கும்போது லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் உடலோடு இணைக்கும் கை) சக்கரத்தை நோக்கி மேலேறிச் சாய்ந்துவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, உடல் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். அந்தப் புள்ளிக்கும் எடையின் மையத்துக்கும் நடுவே தூரம் கூடுவதால் வண்டிக்குச் சாயும் ஆசை கூடத்தான் செய்யும். பார்க்கப் பந்தயக் கார் மாதிரி இருக்கும், ஓட்டத்தில் அது வராது. இறக்கியே ஆகவேண்டும் என்றால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று அளவாகச் செய்த செட்டாக வாங்கி, இரண்டு மூன்று சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், இருப்பது சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, லோயர் ஆர்ம் புஷ் (அதன் மூட்டில் இருக்கும் ரப்பர்) கிழிந்திருக்கிறதா, லிங்க் ராட் (சாய்வை அடக்கும் கம்பியை இணைக்கும் தண்டு) லொடலொடக்கிறதா? புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, வீண். கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சையாகக் காட்டும், பிரேக்கை மிதித்த உடனே சக்கரம் வேறு பக்கம் பார்க்கும். பழைய வண்டிக்கு நல்ல புஷ்ஷும் கம்பெனி அளவில் புது ஷாக்கும் போட்டுவிட்டு அலைன்மென்ட் செய்து பாருங்கள். அது தரும் மாற்றத்தை வேறு எந்த அலங்காரமும் தராது.

இப்போது டயர். எனக்குச் சலிக்காத விஷயம் இது. 32 பிஎஸ்ஐ காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. ஆயிரம் கிலோ வண்டியில் ஒரு டயர் 250 கிலோ தாங்கினால், அது தரையைத் தொடும் பரப்பு 110 சதுர சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நாலு உள்ளங்கைகள்தான் அந்த வண்டியைச் சாலையில் பிடித்து வைத்திருக்கின்றன. டயரை அகலமாக்கினால் அந்த உள்ளங்கை பெரிதாகாது, அகலம் கூடி நீளம் குறையும், அவ்வளவே. காய்ந்த சாலையில் வளையும்போது அதில் பலன் உண்டு. ஐப்பசி மழையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஏறினாலோ, அகலமான டயர் சீக்கிரமே மிதக்க ஆரம்பிக்கும். 2012-ல் வந்த டொயோட்டா 86-க்கு 200 குதிரைத்திறன் இருந்தும் 215 மில்லிமீட்டர் டயரோடு நிறுத்தினார்கள். பிடி குறைவாக இருந்தால், மிதமான வேகத்திலேயே வண்டி சறுக்குவதை உணரவும் திருத்தவும் முடியும் என்பது அவர்கள் எண்ணம்.

பெரிய அலாய் வீலுக்கு வேறு ஒரு விலையும் உண்டு. சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை, அந்த எடை தரையோடு சேர்ந்து குதிக்கிறது. அது கூடக்கூட, பள்ளத்தில் விழுந்த சக்கரத்தைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவர ஷாக் திணறும். டயரின் பக்கச்சுவரும் ஒல்லியாகிவிடுவதால், கிராமத்து வேகத்தடை ஒவ்வொன்றும் ரிம்மில் நேராக அடிக்கும். கம்பெனி கொடுத்த 15 இன்ச்சிலேயே இருந்துகொண்டு, டயரை மட்டும் நல்லதாக வாங்குவதுதான் என் யோசனை.

காற்று விஷயத்தில் நம்மூர் வெயிலை மறந்துவிடுகிறோம். சித்திரை மதியம் நாற்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு பங்க்கில் அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதிகம் என்று இறக்கிவிடுவோம். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்று குறைவாக இருக்கும், ஸ்டியரிங் மந்தமாகிவிடும். கதவோரத்திலோ பெட்ரோல் மூடியிலோ எழுதியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் அளவெடுங்கள்.

பட்டன் (டயர் மேல் இருக்கும் வெட்டு) நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பழைய டயரை நம்பவேண்டாம். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் இறுகிப்போன டயருக்கு ஈரத்தில் பிடிப்பே இருக்காது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள், முன் சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும் சரி. முன்பக்கம் சறுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். மழையில் பின்பக்கம் சறுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகாத கையால் அதைப் பிடிக்க முடியாது.

பிரேக்குக்கு ஓட்டை போட்ட டிஸ்க் எல்லாம் வேண்டாம். பிரேக் ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை இறங்கும். ஆரியங்காவு மலைப்பாதையில் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினையும் பிடிக்க விடுங்கள்.

அப்புறம் ஓட்டும் முறை. வேகமாக வளைவுக்குள் நுழைந்துவிட்டு, பயந்துபோய் நடுவில் சட்டென்று காலை எடுப்பதுதான் மலைப்பாதையில் நடக்கும் பெரிய தவறு. காலை எடுத்தால் பாரம் முன்னால் சாயும், பின் டயர்கள் லேசாகும், பின்பக்கம் வெளியே வரப் பார்க்கும். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்சிலேட்டரைச் சீராக வைத்திருங்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் ஆசை இருந்தால் அதற்குக் கோவை செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளும் ஆட்டுமந்தையும் வரும் அம்பாசமுத்திரம் ரோடு அதற்கான இடம் இல்லை.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுக்கினால் டயர் சொல்வது கைக்கு எட்டாது. பழகிப் பார்க்க நம்மிடம் நல்ல இடம் உண்டு: ஆடிக் காற்றில் பணகுடி தாண்டி காவல்கிணறு வரை நாலுவழிச் சாலையில், அனுமதித்த வேகத்தில் போங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலேயே லேசாக வைத்திருங்கள். காற்று விட்டதும் வண்டி தானாக நேருக்கு வந்தால் அலைன்மென்ட்டும் புஷ்ஷும் நன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நீங்களே பிடித்து இழுத்து நேராக்க வேண்டியிருந்தால், திரும்பி வந்ததும் முதலில் பின்பக்கப் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். மருமகன் வண்டியில் கோளாறு அங்கேதான் இருந்தது.