மலைக்கும் கழுத்துண்டு: கும்ப்ரியாவின் மலைகளை வகைபிரிப்பது எப்படி?

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள கும்ப்ரியாவில், கெண்டலிலிருந்து கெஸ்விக் போகும் 555 பஸ், கிராஸ்மியர் தாண்டியதும் மூச்சு வாங்கியபடி ஒரு மேட்டில் ஏறும். ஏறி முடிகிற இடத்துக்கு டன்மெயில் ரெய்ஸ் என்று பெயர். அங்கே சாலையின் இரு பிரிவுகளுக்கும் நடுவில் ஒரு கற்குவியல் இருக்கிறது. டன்மெயில் என்ற அரசனைப் புதைத்த இடம் என்று கதை சொல்வார்கள். மாடி பஸ்ஸின் முன் இருக்கைக்காரர்கள் எல்லாரும் வலப்பக்கம் திரும்பி ஹெல்வெலினைத் தேடுவார்கள். நான் சாலையைப் பார்ப்பேன். ஹெல்வெலின் எந்த வகை மலை என்று சொல்வது அந்தத் தார்ச் சாலைதான்.

கணக்கெழுதுவது என் தொழில். கெண்டலுக்குக் குடிவந்த பிறகுதான், நாற்பத்தைந்து வயதுக்கு மேல், மலையேறத் தொடங்கினேன். ஆகவே வேகத்தைப் பற்றியோ வீரத்தைப் பற்றியோ என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்த மலை எந்தப் பட்டியலில் வரும், ஏன் வரும் என்பதை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு வரைபடத்தையும் வைத்துக் கண்டுபிடிக்கத் தெரியும். இதை எழுதத் தூண்டியவர் இங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. இங்கிலாந்தின் இரண்டாவது உயரமான மலையான ஸ்காஃபெல்லில் ஏறிவிட்டு வந்து, “அக்கா, 964 மீட்டர் ஏறியிருக்கிறேன். மெரிலின் பட்டியலில் இதைக் காணவில்லை. ஆனால் அந்த லஃப்ரிக் இருக்கிறது! 335 மீட்டர்! என்ன நியாயம் இது?” என்று கேட்டார்.

நியாயமான கோபம்தான். பதிலுக்கு முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து உச்சி வரை இருப்பது உயரம். இன்னொன்றை மலையேறுபவர்கள் இறக்கம் என்பார்கள். இந்த உச்சியிலிருந்து கிளம்பி இதைவிட உயர்ந்த வேறொரு நிலத்துக்குப் போக வேண்டுமானால், குறைந்தபட்சம் எவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும்? அந்த அளவுதான் இறக்கம். ஒரு மலை தன் காலில் நிற்கிறதா, பக்கத்து மலையின் தோளில் தொற்றிக்கொண்டிருக்கிறதா என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும்.

கடலை மனத்துக்குள் மெல்ல மெல்ல உயர்த்திப் பாருங்கள். 238 மீட்டருக்கு வந்ததும் தண்ணீர் டன்மெயில் ரெய்ஸில் இரு பக்கமிருந்தும் சேர்ந்துகொள்ளும். அந்தக் கணமே ஹெல்வெலின், இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கிடமிருந்து அறுந்து தனித் தீவாகிவிடும். ஹெல்வெலினின் உயரம் 950. அதில் 238 போனால் 712. அதன் இறக்கம் அவ்வளவு. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு மலையின் கணக்கில் பாதியை முடித்துவிடலாம் என்பதால்தான் சாலையைப் பார்க்கிறேன் என்றேன்.

தண்ணீர் சேரும் அந்தத் தாழ்ந்த இடத்தைக் கணவாய் எனலாம். இந்த ஊர்க்காரர்கள் பல இடங்களில் ‘ஹாஸ்’ என்கிறார்கள். வைக்கிங்குகளோடு வந்த பழைய நார்ஸ் மொழியில் அதன் மூலச் சொல்லுக்குக் கழுத்து என்று பொருள். மலையைக் குறிக்கும் ‘ஃபெல்’, ஓடையைக் குறிக்கும் ‘பெக்’, மலைமேல் கிடக்கும் சிறு ஏரியைக் குறிக்கும் ‘டார்ன்’ எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். எனக்கு இவற்றில் கழுத்து மிகவும் பிடித்துப்போனது. என் நோட்டில் அந்தப் பத்திக்கு அதையே தலைப்பாக வைத்துவிட்டேன்: பெயர், உயரம், கழுத்து, இறக்கம், தேதி.

இனி வேலைக்கு வருவோம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 எக்ஸ்புளோரர் வரைபடம் வேண்டும். இந்த மலைகள் நிற்கும் ஏரி மாவட்டம் (லேக் டிஸ்ட்ரிக்ட்) முழுவதும் நான்கு தாள்களில் அடங்கிவிடும். ஸ்காஃபெல்லுக்குத் தென்மேற்குத் தாள். முதலில் உச்சியைப் பிடியுங்கள். இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. நீல முக்கோணம் போட்டிருக்கும் அளவைத் தூண்தான் உச்சி என்று நம்பிவிடாதீர்கள். அந்தக் கான்கிரீட் தூண்களை 1936-இல் தொடங்கிய நில அளவைக்காக நட்டார்கள். நாலாபக்கமும் பார்வை எட்டும் இடத்தில்தான் நட்டார்கள், மிக உயர்ந்த புள்ளியில்தான் நட வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயமில்லை. ஹெல்வெலினிலேயே தூண் 949 மீட்டரில் நிற்கிறது. 950 மீட்டர் உச்சி சற்றுத் தள்ளி இருக்கிறது. தூணைத் தொட்டுப் படமெடுத்துக்கொண்டு உச்சியை மிதிக்காமலே இறங்கிப் போகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிறகு, மனிதர்கள் அடுக்கிய கற்குவியல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கணக்கில் சேராது. இயற்கையான தரைக்குத்தான் மதிப்பு.

அடுத்தது, அதைவிட உயர்ந்த நிலம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கே போகும் முகட்டைப் பென்சிலால் தொடருங்கள். பல முகடுகள் பிரிந்தால், எந்த வழியில் போனால் மிகக் குறைவாக இறங்க வேண்டியிருக்குமோ அதுவே வழி. அந்த வழியின் மிகத் தாழ்ந்த புள்ளியே கழுத்து. அந்த இடத்தில் சமவுயரக் கோடுகள் உடுக்கையின் இடுப்பைப் போலக் குறுகித் தெரியும். ஒரு சிறு உதவி: கோடுகளின் மேல் அச்சடித்த எண்களின் தலைப்பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியிருக்கும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்ற குழப்பம் அதில் தீர்ந்துவிடும்.

கழுத்தில் உயரம் அச்சிட்டிருந்தால் நல்லது. பெரும்பாலும் இருக்காது. அப்போது ஊகித்து ஒற்றை எண்ணை எழுதாமல், இரண்டு பக்கமும் எல்லை கட்டுவதே என் வழக்கம். ஸ்காஃபெல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்கும் ஸ்காஃபெல் பைக்குக்கும் நடுவிலுள்ள கழுத்தின் பெயர் மிக்கில்டோர், ‘பெரிய வாசல்’, இதுவும் நார்ஸ்தான். அந்த வாசல் 830, 840 மீட்டர் கோடுகளுக்கு நடுவே விழுகிறது. 964-இல் 840 போனால் 124. 830 போனால் 134. உண்மையான விடை இவற்றுக்கு இடையில் எங்கே இருந்தாலும் சரி, 100-க்கு மேல், 150-க்குக் கீழ். வகைபிரிக்க இது போதும். கணக்கில் தசமப் புள்ளி தேவைப்படாத இடத்தில் அதற்காக மெனக்கெடுவது வீண்.

தம்பிக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மெரிலின் என்றால் இறக்கம் 150 மீட்டர் இருக்க வேண்டும். உயரத்தைப் பற்றி அந்தப் பட்டியல் வாயே திறக்காது. ஸ்காஃபெல் பைக்கின் தோளில் சாய்ந்து நிற்பதால் ஸ்காஃபெல் தோற்றுவிடுகிறது. 900 மீட்டரைத் தாண்டிய போஃபெல்கூட நூலிழையில் தவறவிடுகிறது. ஆம்பிள்சைடுக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி இறங்கிவிடக்கூடிய லஃப்ரிக் நாலாபுறமும் தாழ்ந்த நிலத்தோடு தனியாக நிற்பதால் தாராளமாகத் தேறிவிடுகிறது. பெயர்க் காரணம் ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்தில் 3,000 அடி மலைகளை 1891-இல் பட்டியலிட்டவர் சர் ஹியூ மன்ரோ. அவை மன்ரோக்கள் ஆயின. 1992-இல் ஆலன் டாசன் இறக்கத்தை வைத்துப் புதுப் பட்டியல் போட்டபோது, மன்ரோவுக்குத் துணையாக மெரிலின் என்று பெயர் சூட்டிவிட்டார். நடிகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை இதன் பங்காளிகள்தான். 100 மீட்டர் இறக்கம் இருந்தால் ஹம்ப். அந்தச் சொல்லுக்குத் திமில் என்றும் பொருள், பொருத்தமாக இருக்கிறது. 30 மீட்டர் என்றால் டம்ப். உயரம் 2,000 அடியும் இறக்கம் 30 மீட்டரும் சேர்ந்திருந்தால் ஹியூவிட். அதே உயரத்துக்கு 15 மீட்டர் இறக்கமே போதும் என்று விட்டுக்கொடுத்தால் நட்டால். 500 மீட்டருக்கு மேலிருந்தும் 2,000 அடியை எட்டாதவற்றில் 30 மீட்டர் இறக்கம் உள்ளவை டியூயி. தென்மேற்கு மூலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிளாக் கூம் 600 மீட்டர். ஆகவே அது டியூயி, கூடவே மெரிலினும். 3,000 அடி உயரமும் 100 மீட்டர் இறக்கமும் என்று கோடு போட்டால் நான்கே பேர் தேறுகிறார்கள்: ஸ்காஃபெல் பைக், ஸ்காஃபெல், ஹெல்வெலின், 931 மீட்டர் ஸ்கிடோ. நட்டால் பட்டியலை முழுதாக முடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அதில் பில்லர் ராக் என்ற பாறை இருக்கிறது. கயிறு கட்டி ஏறத் தெரிந்தவர்களுக்கே அது. நான் கீழிருந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இவ்வளவு எண்களுக்கும் கட்டுப்படாத ஒரு பட்டியல் இருக்கிறது, அதுதான் இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. ஆல்ஃபிரட் வெயின்ரைட் 1955-இலிருந்து 1966 வரை ஏழு தொகுதிகளாகக் கையாலேயே எழுதி வரைந்த வழிகாட்டியில் உள்ள 214 மலைகள். அவர் கெண்டல் நகராட்சியின் பொருளாளர். நம்மைப் போலக் கணக்குக்காரர். அலுவலகத்தில் அத்தனை எண்களைக் கட்டியாண்டவர் மலையைத் தேர்ந்தெடுக்க மட்டும் எந்த எண்ணையும் கேட்கவில்லை. தனக்குத் தோன்றியதைச் சேர்த்தார். 290 மீட்டர் கேஸில் க்ராக் அதில் இருக்கிறது, ஆயிரம் அடியை எட்டாத ஒரே வெயின்ரைட் அதுதான். பிளென்காத்ராவின் முதுகுப்பக்கம் கிடக்கும் மங்கிரைஸ்டேல் காமனும் இருக்கிறது. 633 மீட்டர் உயரம். ஆனால் ஹியூவிட் இல்லை, நட்டால்கூட இல்லை. அங்கே உச்சியைத் தேடி அரை மணி நேரம் சதுப்பில் சுற்றினேன். எந்தப் புல்மேட்டில் நின்றாலும் பக்கத்து மேடு ஒரு விரற்கடை உயரமாகத் தெரிந்தது. இரண்டு காலுறைகளையும் பிழிந்துகொண்டு, இங்கேதான் என்று நானே தீர்ப்பெழுதிவிட்டு இறங்கினேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெயின்ரைட்டில் தொடங்குங்கள் என்பேன். காட்சி அழகு அவருடைய பட்டியலில்தான் கிடைக்கும். வகை புரிய வேண்டுமென்றால் மெரிலின்.

மாவட்டத்தின் மிக உயர்ந்த இடம் எது என்ற பட்டியலில் இறங்கினால், முதலில் எந்த மாவட்டம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கும்ப்ரியா 1974-இல் உருவானது. கம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, லாங்க்ஷயரில் ஒரு துண்டு, யார்க்ஷயரில் ஒரு துண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தைத்தார்கள். 2023 ஏப்ரலில் அதன் மாவட்ட மன்றத்தைக் கலைத்து இரண்டு நிர்வாகங்களாகப் பிரித்துவிட்டார்கள். சடங்குக்குரிய மாவட்டமாகக் கும்ப்ரியா தொடர்கிறது. கும்ப்ரியாவுக்கும் பழைய கம்பர்லாந்துக்கும் உச்சி ஸ்காஃபெல் பைக், 978. பழைய வெஸ்ட்மோர்லாந்துக்கு ஹெல்வெலின். அந்த இரண்டு பழைய மாவட்டங்களுக்கும் எல்லை, நம் பஸ் ஏறிய அதே டன்மெயில் ரெய்ஸ் வழியாகத்தான் போனது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: வரைபடத்தின் இறக்கம் வேறு, முழங்காலின் இறக்கம் வேறு. ஸ்காஃபெல் பைக்கிலிருந்து மிக்கில்டோருக்கு இறங்கினால் ஸ்காஃபெல் எதிரே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நேரே ஏறும் வழியில் பிராட் ஸ்டாண்ட் என்ற பாறைப்படி குறுக்கே இருக்கிறது. பார்க்கச் சின்னது, பலர் விழுந்திருக்கிறார்கள். நடப்பவர்களுக்கு அது வழியே இல்லை. எஸ்க்டேல் பக்கமாக இன்னும் நன்றாகக் கீழே இறங்கி, ஃபாக்ஸஸ் டார்ன் ஓடைப் பள்ளத்தில் மறுபடி ஏற வேண்டும். கழுத்துக் கணக்கில் 130 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நேரம் போட்டீர்களானால் இருட்டிவிடும். தம்பிக்கும் இருட்டிவிட்டதாம். தலைவிளக்கு கொண்டுபோயிருந்தார், நல்லவேளை.

உயரம் எல்லைக் கோட்டை ஒட்டி வரும்போது மட்டும் வரைபடம் கைவிட்டுவிடும். கைபேசி காட்டும் உயரமோ சில மீட்டர் முன்பின் பேசும். அங்கே உச்சியில் துல்லியமான செயற்கைக்கோள் கருவியை மணிக்கணக்கில் நிறுத்தி அளக்கும் ஆர்வலர்களைத்தான் நம்ப வேண்டும். குன்றையும் மலையையும் பிரிக்கும் எல்லையான 2,000 அடி என்பது 609.6 மீட்டர். ரென்விக் கிராமத்துக்கு மேலே இருக்கும் தாக் மோர், 2012-இல் அப்படி அளந்தபோது 609.62 என்று வந்து மலையாகப் பதவி உயர்வு பெற்றது. பார்பன் கிராமத்துக்கு மேலுள்ள காஃப் டாப்பின் கதை இன்னும் மோசம். 2010-இல் அளந்தார்கள்: 609.58. இரண்டு சென்டிமீட்டர் குறைவு, ஆகவே குன்று. 2016-இல் ஆர்ட்னன்ஸ் சர்வே கடல்மட்டக் கணக்கின் அடிப்படை மாதிரியைத் திருத்தியது. யாரும் ஒரு கூடை மண்கூடக் கொட்டவில்லை, உயரம் 609.606 ஆகிவிட்டது. எல்லையைவிட 6 மில்லிமீட்டர் கூடுதல், ஓர் அரிசியின் நீளம். அதனால்தான் நோட்டில் உயரத்துக்குப் பக்கத்தில் அது எந்த ஆண்டின் அளவு என்பதையும் எழுதிவைக்கச் சொல்கிறேன்.

நான் காஃப் டாப்பில் ஏறியது 2014-இல். தம்பி என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் ஏறியபோது இது குன்றுதானே, அக்கா? ஹியூவிட் கணக்கில் எப்படிச் சேரும்?” என்றார். டிக் போட்டிருப்பது பென்சிலில்தான் என்று காட்டினேன்.